உப்பு பூத்த குதிரை, உளுத்த மரப்பாச்சி, களிம்பு ஏறிய விளக்கு: வீட்டுக் கைவினைப் பொருட்களின் பழுது நீக்கும் வழிமுறை

சுடுமண் குதிரை, பத்தமடைப் பாய், நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, மரப்பாச்சி, செட்டிநாட்டு ஓலைக்கூடையான கொட்டான், தஞ்சாவூர் ஓவியம். வீட்டில் அழகுக்கு வைக்கும் இந்தப் பொருட்களுக்குப் பழுது பெரும்பாலும் ஈரத்தில்தான் தொடங்குகிறது. அவசரமாக அடிக்கும் வார்னிஷில் அது முற்றிப்போகிறது. எந்த அறிகுறியாக இருந்தாலும் சரி, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை மேலே எதையும் பூசாதீர்கள்.

தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை: மென்மையான பெயிண்ட் பிரஷ் இரண்டு, பழைய பல் பிரஷ், பஞ்சு சுற்றிய குச்சி, பல்குத்தும் குச்சி, கறுப்புக் காகிதம், டார்ச், மாஸ்கிங் டேப், கையுறை, முகக்கவசம். குடிநீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் இருந்தால் சுடுமண் வேலைக்கு மிகவும் உதவும்.

ஒரு எல்லையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நூறு ஆண்டைத் தாண்டிய சிலையும் ஓவியமும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். பரம்பரையாக வந்த பொருளுக்கு அந்த வயது இருக்கும் என்று தோன்றினால், தூசியை உலர்ந்த பிரஷால் தட்டுவதோடு நிறுத்துங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பாதுகாப்பு வேதியியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே ஆலோசனை கேட்டுவிட்டு மேற்கொண்டு செய்யலாம்.

அறிகுறி 1: சுடுமண்ணில் வெள்ளை பூத்திருக்கிறது

எல்லா வெள்ளையும் ஒன்றல்ல. அந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.

- நனைந்ததும் மறைந்து, காய்ந்ததும் திரும்ப வருகிறது. விரலில் நறநறவென்று ஒட்டுகிறது என்றால் அது உப்பு.
- நனைந்தாலும் போகாமல், நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வருகிறது என்றால் போர்வெல் தண்ணீரின் கடினப் படிவு.
- டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் மெல்லிய ரோமம் போலத் தெரிகிறது, மக்கிய வாடை வருகிறது என்றால் பூசணம்.
- மேல்மண் வட்டமாகத் தெறித்து, குழியின் அடியில் கடுகளவு வெள்ளைப் புள்ளி தெரிகிறது என்றால் சுண்ணாம்புக் கல்.

*உப்பு என்றால்*

முதலில் பொருள் நிற்கும் இடத்தைப் பாருங்கள். வெறும் சிமெண்ட் தரையில் நிற்கிறதா, ஈரம் ஏறும் சுவரை ஒட்டியிருக்கிறதா, உள்ளே செடி வைத்து போர் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? அடியில் மட்டும் ஒரு சாண் உயரத்துக்கு உப்பு பூத்திருந்தால் தரைதான் காரணம். இரண்டு மரச்சட்டங்களை வைத்து அதன்மேல் பொருளைத் தூக்கி நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். உடல் முழுக்கப் பரவலாகப் பூத்திருந்தால் மண்ணிலேயோ, மண் பிசைந்த தண்ணீரிலேயோ உப்பு இருந்திருக்கிறது. அதை வெளியே இழுத்தே ஆக வேண்டும்.

பொருளை வெளியே கொண்டுபோய், உலர்ந்த பல் பிரஷால் உப்பைத் தட்டி எடுங்கள். பலரும் செய்யும் தவறு ஈரத்துணியால் துடைப்பது. துணியின் ஈரத்தில் உப்பு கரைந்து மறுபடி மண்ணுக்குள் போய், நாலு நாளில் அதே இடத்தில் பூக்கும்.

அடுத்து ஊறவைக்கலாமா என்று சோதியுங்கள். அடிப்பகுதியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அரை நிமிடம் கழித்து விரலால் தேயுங்கள். விரலில் சேறு ஒட்டினால் சூளையில் வேக்காடு போதவில்லை. அதை ஊறவைத்தால் கரையும். வண்ணம் பூசிய பொருளும் ஊறவைக்கக் கூடாது.

விரல் சுத்தமாக இருந்தால், வாளியில் ஆர்.ஓ. தண்ணீரோ சுத்தமான மழைநீரோ நிரப்பிப் பொருளை முழுதாக மூழ்கவையுங்கள். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். எத்தனை நாள் என்பதை மீட்டர் சொல்லும். ஊற்றும்போது தண்ணீர் 40 காட்டியது, மறுநாள் 400 காட்டுகிறது என்றால் உப்பு இன்னும் வெளியேறுகிறது. ஒரு நாளில் ஏறும் அளவு 50க்குக் கீழே வந்தால் போதும். மீட்டர் இல்லாதவர்கள் குறைந்தது ஒரு வாரம் மாற்றுங்கள்.

காயவைப்பது நிழலில், காற்றோட்டத்தில். வெயிலில் வைத்தால் மேற்பரப்பு முந்திக் காய்ந்து விரிசல் விடும். கைக்கு உலர்ந்த மாதிரி தெரிவதை நம்பாதீர்கள். சமையலறைத் தராசில் தினமும் எடை பாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து எடை குறையாமல் நின்றால்தான் உள்ளேயும் காய்ந்திருக்கிறது என்று பொருள். கனமான உருவத்துக்குப் பத்துப் பதினைந்து நாள்கூட ஆகும்.

தூக்க முடியாத பெரிய அய்யனார் குதிரைக்குப் பற்றுப் போடுங்கள். டிஷ்யூ காகிதத்தை ஆர்.ஓ. தண்ணீரில் பிசைந்து கூழாக்கி, உப்பு பூத்த இடத்தைச் சற்று நனைத்துவிட்டு, ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு அப்புங்கள். அது தானாகக் காய்ந்து விளிம்பில் எழும்பும்வரை தொடாதீர்கள். இரண்டு முதல் நான்கு நாள் ஆகும். காய்ந்த பற்றோடு உப்பும் வந்துவிடும். இரண்டு மூன்று தடவை திரும்பப் போட வேண்டியிருக்கும்.

உப்பு இருக்கும்போதே வார்னிஷ் அடித்தால் என்ன ஆகும்? உப்பு படலத்துக்கு அடியில் திரண்டு, வார்னிஷை மட்டுமல்ல, மண்ணின் மேல்தோலையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். அந்த நிலைக்குப் போன பொருளை வீட்டில் சரிசெய்ய முடியாது. பழம்பொருள் பாதுகாப்பு நிபுணரிடம் காட்டுங்கள்.

*கடினப் படிவு என்றால்*

இது பெரும்பாலும் செடித் தொட்டிகளில் வரும். தொட்டியைக் காலி செய்து, முதலில் வெறும் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வினிகர் கலந்து, பிரஷால் தேய்த்து உடனே அலசுங்கள். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டைச் சுடுமண்ணுக்குப் பக்கத்திலேயே கொண்டுவர வேண்டாம்.

*பூசணம் என்றால்*

முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளியே உலர்ந்த பிரஷால் தட்டுங்கள். காலை வெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். திரும்ப வந்தால் குறை பொருளில் இல்லை, வைத்திருக்கும் மூலையில் இருக்கிறது.

*சுண்ணாம்புக் கல் என்றால்*

மண்ணோடு கலந்த சுண்ணாம்புக் கல் சூளையில் வெந்து, பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பித் தெறிக்கிறது. இதை நிறுத்த வழியில்லை. தெறித்த குழியைச் சுத்தம் செய்து நிரப்பலாம், அவ்வளவுதான். புதிதாக வாங்கிய பொருளில் ஒரு மாதத்துக்குள் நாலைந்து இடத்தில் தெறித்தால், செய்தவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள். அடுத்த மண்ணை இன்னும் நன்றாகச் சலிக்க அவருக்கும் அது உதவும்.

அறிகுறி 2: சுடுமண்ணில் விரிசல், அல்லது உடைந்துவிட்டது

விரல் முட்டியால் தட்டுங்கள். "டங்" என்று கணீரென ஒலித்தால் விரிசல் மேலோட்டமானது. "டொக்" என்று செத்த ஒலி வந்தால் சுவரின் கனம் முழுக்க ஓடியிருக்கிறது. பெரிய குதிரைகளில் கால், உடல், கழுத்து, தலை எல்லாம் தனித்தனியாக வனைந்து சேர்க்கப்படுவதால், அந்த இணைப்புகளில்தான் முதலில் விடும்.

*மேலோட்டம் என்றால்:* ஒன்றும் செய்ய வேண்டாம். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஆறு மாதத்தில் கோட்டைத் தாண்டாவிட்டால் அப்படியே விட்டுவிடலாம்.

*காலில் விரிசல் என்றால்:* எடை முழுக்க அங்கேதான் இறங்குகிறது. உடனே வயிற்றுக்கு அடியில் மரக்கட்டையோ செங்கலோ துணி சுற்றி முட்டுக் கொடுங்கள். ஒட்டுவதைப் பிறகு யோசிக்கலாம்.

*உடைந்துவிட்டது என்றால்:*

1. துணுக்கு முதற்கொண்டு எல்லாவற்றையும் பொறுக்குங்கள். உடைந்த முகத்தைக் கழுவாதீர்கள், உரசிப் பார்க்காதீர்கள்; விளிம்பு மழுங்கினால் பொருந்தாது.
2. பசை இல்லாமல் மாஸ்கிங் டேப்பால் முழுதாகச் சேர்த்துப் பார்த்து, உட்பக்கம் சாக்கட்டியால் எண் போடுங்கள். எந்தத் துண்டு கடைசி என்பதை இப்போதே முடிவு செய்யாவிட்டால், கடைசித் துண்டு நுழைய வழியில்லாமல் நிற்கும்.
3. இரண்டு டியூபைக் கலந்து ஒட்டும் எப்பாக்சியில், ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையைவிட மெதுவாக இறுகும் வகை நல்லது. சரிசெய்ய நேரம் கிடைக்கும். உடனே பிடிக்கும் சூப்பர் பசையை மண் உறிஞ்சிவிடும், பிடிப்பு நிற்காது.
4. விளிம்பின் நடுக்கோட்டில் மட்டும் மெல்லிசாகத் தடவுங்கள். வெளியே பிதுங்கினால் துடைக்காதீர்கள், தேய்ந்து கறையாகும். ரப்பர் பதத்துக்கு வந்ததும் பிளேடால் சீவுங்கள்.
5. அகலத் தட்டில் மணல் நிரப்பி, ஒட்டிய இடம் நேராக மேலிருந்து கீழ் அழுந்தும்படி பொருளைச் சாய்த்துப் புதைத்து 24 மணி நேரம் விடுங்கள். டேப்பைவிட மணல்தான் நம்பகமான பிடி.
6. இடைவெளி தெரிந்தால், நைஸாகச் சலித்த செங்கல் தூளை எப்பாக்சியில் குழைத்து நிரப்பி, காய்ந்தபின் உப்புத்தாளால் தேயுங்கள்.

காது, வால் போன்ற பகுதி தொலைந்துபோனால் மானாமதுரை, வில்லியனூர் போன்ற ஊர்களில் மண்பாண்டக் கலைஞர்களிடம் புதிதாக வனையச் சொல்லலாம். காய்ந்து வேகும்போது மண் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அதனால் அளவை மட்டும் சொல்லி அனுப்பாமல் உடைந்த பொருளையே கொண்டுபோங்கள். எப்பாக்சி போட்டு ஒட்டியதைத் திரும்பப் பிரிப்பது மிகவும் கடினம். பழமையான பொருளுக்கு இந்த முறை கூடவே கூடாது.

அறிகுறி 3: மரத்திலோ மூங்கிலிலோ துளை, அடியில் மாவு

பொருளின் அடியில் கறுப்புக் காகிதம் விரித்து மூன்று நாள் தொடாமல் வையுங்கள். காகிதத்தில் விழுவதுதான் அடுத்த வழியைக் காட்டும்.

- ஒன்றும் விழவில்லை, துளையின் உட்புறம் கறுத்திருக்கிறது: பழைய சேதம், வண்டு போய்விட்டது. துளைகளின் மேல் மெல்லிய காகிதம் ஒட்டி, அடுத்த மழைக்காலம் முடியும்வரை கிழிகிறதா என்று பாருங்கள்.
- முகப் பவுடர் போல மென்மையான மாவு, துளை குண்டூசித் தலை அளவு, உட்புறம் வெளுப்பு: உளு வண்டு, இப்போதும் உள்ளே தின்றுகொண்டிருக்கிறது.
- கசகசா போல உருண்டு திரண்ட துகள்கள்: உலர்மரக் கரையான்.
- சுவரிலிருந்து மண் கோடு ஏறி வருகிறது: தரைக் கரையான்.

கடைசி இரண்டிலும் கைவைத்தியம் வேண்டாம். பொருளை மட்டும் சரிசெய்தால் போதாது, வீட்டையே பார்க்க வேண்டும். உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களை அழையுங்கள்.

*உளு வண்டு என்றால்*

பொருளை உடனே பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி, மற்ற மரப் பொருட்களிடமிருந்து பிரியுங்கள். மரத்தின் நடுவில் முற்றிக் கெட்டிப்பட்ட, வைரம் பாய்ந்த பகுதியை இந்த வண்டு அவ்வளவாகத் தொடாது. வெளிறிய, வயது வராத மரத்தில்தான் புகும். செம்மரத்தின் வைரத்தில் செய்த பழைய மரப்பாச்சி தலைமுறை தாண்டி நிற்பதும், சாதாரணக் கட்டையில் செய்து சாயம் ஏற்றிய பொம்மை இரண்டே ஆண்டில் உளுத்துப்போவதும் இதனால்தான்.

வண்ணமோ அரக்குப் பூச்சோ இல்லாத சிறிய பொருள் என்றால் குளிரில் வைப்பதே சிறந்த வழி. பாலித்தீன் பையில் காற்றைப் பிழிந்து எடுத்து, இரண்டாவது பையிலும் போட்டு, மைனஸ் 18 டிகிரி வரும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல் அறை அந்தக் குளிருக்குப் போகாது. வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு முழு நாள் அப்படியே விட்டால் வியர்வை பைக்கு வெளியே பூத்துக் காயும். உடனே பிரித்தால் அந்த ஈரம் மரத்தில் இறங்கும். வண்ணப் பூச்சு உள்ளதைக் குளிரில் வைத்தால் பூச்சு வெடிக்கலாம்.

வண்ணம் பூசிய பொருளுக்கு, பெயிண்ட் கடையில் கிடைக்கும் எண்ணெய் வகை மரப் பாதுகாப்புத் திரவத்தை ஊசிக்குழலில் எடுத்து, ஒவ்வொரு துளையிலும் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பின்பக்கத்தில் ஒரு துளையில் விட்டுப் பார்த்து, கறை படியவில்லை என்று உறுதி செய்த பிறகே முன்பக்கம் வரவேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி விட்டு, தேன்மெழுகால் துளையை அடையுங்கள். புதுத் துளை விழுந்தால் மெழுகு காட்டிக்கொடுக்கும். மண்ணெண்ணெய் பட்ட புழுவை மட்டும் கொல்லும், ஆழத்துக்குப் போகாது. வாடையும் தீப்பற்றும் ஆபத்தும்தான் மிச்சம்.

மூங்கில் கூடை, முறம், பிரம்புத் தட்டு என்றால் வெண்கார (போராக்ஸ்) கரைசல். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 30 கிராம் வெண்காரம், 20 கிராம் போரிக் பவுடர் கரைத்து, ஆறியபின் பொருளை முழுதாக ஒரு நாள் ஊறவைத்து நிழலில் உலர்த்துங்கள். வார்னிஷ் அடித்த மூங்கிலில் இது ஏறாது. முதலில் வார்னிஷை உப்புத்தாளால் எடுக்க வேண்டும். கையுறை அவசியம். அதன்பிறகு அந்தக் கூடையில் தின்பண்டம் வைக்கக் கூடாது.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நெல் மூட்டைக்கு வைக்கும் மாத்திரையை அலமாரிக்குள் போட்டு மூடிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது அலுமினியம் பாஸ்பைடு. அதிலிருந்து வரும் வாயு வீட்டில் தூங்குபவர்களின் உயிரைப் பறிக்கும். பக்கத்தில் இருக்கும் செம்பு, பித்தளையையும் அரிக்கும். அரசு அனுமதி பெற்ற ஆட்களைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது.

இரண்டு தடவை வைத்தியம் செய்த பிறகும் மாவு விழுந்தால், அல்லது விரலால் அழுத்தினால் மரம் உள்வாங்கினால், மேற்கொண்டு நீங்கள் செய்ய எதுவும் இல்லை. நிபுணரிடம் கொடுங்கள்.

அறிகுறி 4: மரச் சிற்பத்தில் வெடிப்பு

ஏசி அறையிலோ கோடையிலோ வாய் பிளந்து, மழைக்காலத்தில் மூடிக்கொள்கிறதா? அப்படியானால் மரம் மூச்சுவிடுகிறது. கோடையில் அதில் கெட்டியான மக்கை (புட்டி) அடைத்தால், மழைக்காலத்தில் உப்ப இடம் இல்லாமல் வேறோர் இடத்தில் வெடிக்கும். ஏசி காற்று நேராகப் படாத இடத்துக்கு மாற்றினாலே போதும். கண்ணுக்கு உறுத்தினால் தேன்மெழுகை மட்டும் அழுத்தி நிரப்புங்கள். முகம், கை போன்ற இடத்தில் துண்டு கழன்று வரும் நிலை என்றால், அரும்பாவூர் போன்ற ஊர்களில் மரச்சிற்பம் செதுக்குபவரிடம் காட்டுங்கள்.

அறிகுறி 5: பித்தளை விளக்கில் பச்சை, கறுப்பு, சிவப்பு

*ஒரே சீரான கறுப்பும் பழுப்பும்:* இது பழுது அல்ல. பளபளப்பு வேண்டும் என்றால் தேய்க்கலாம், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். பழைய வெண்கல உருவத்தில் இந்த நிறத்தைத் தேய்த்து எடுப்பது அதன் அழகையும் மதிப்பையும் சேர்த்து எடுப்பது.

*அகலிலும் இணைப்பிலும் பிசுபிசுவென்ற பச்சை:* இரவெல்லாம் தங்கிய எண்ணெய் செம்போடு சேர்ந்து உண்டான களிம்பு. வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, பல்குத்தும் குச்சியால் இடுக்குகளைச் சுரண்டுங்கள். பிறகு எலுமிச்சை அளவு புளியை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, உப்பு சேர்க்காமல் தடவி, இரண்டு மூன்று நிமிடத்தில் கழுவுங்கள். உடனே துணியால் ஒற்றி, கால் மணி நேரம் வெயிலில் காட்டுங்கள். விளக்கு குளிர்ந்ததும் மிச்ச எண்ணெயைத் துடைத்து எடுத்துவந்தால் திரும்ப வராது.

*இளஞ்சிவப்புத் திட்டு:* புளியிலோ எலுமிச்சையிலோ நெடுநேரம் ஊறியதால் பித்தளையின் துத்தநாகம் வெளியேறி, செம்பு மட்டும் மேலே நிற்கிறது. போன துத்தநாகம் திரும்பாது. லேசான திட்டு என்றால் மெட்டல் பாலிஷால் பலமுறை தேய்த்துக் கரைக்கலாம். ஆழமானது என்றால் பாத்திரப் பட்டறையில் பஃபிங் சக்கரத்தில் கொடுக்க வேண்டும். அதில் நுணுக்க வேலைப்பாடு கொஞ்சம் மழுங்கும் என்று தெரிந்தே கொடுங்கள்.

*திட்டுத் திட்டாகச் செதில், நடுவில் பளபளப்பு:* கறுக்காமல் இருக்கக் கடையில் அடித்த லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சு உரிகிறது. அசிட்டோன் நனைத்த பஞ்சால், ஜன்னலைத் திறந்து வைத்து, நெருப்பு இல்லாத இடத்தில் முழுதாக எடுத்துவிடுங்கள். பாதி லாக்கரோடு புளி போட்டால் திட்டு இன்னும் மோசமாகும்.

*தட்டினால் உதிரும் வெளிர்பச்சைத் தூள், எடுத்தால் சில நாளில் அதே இடத்தில் மறுபடி:* இதுதான் கவலைப்பட வேண்டியது. தூளைத் தட்டிவிட்டு, ஈரப் பஞ்சு வைத்த மூடிய டப்பாவில் பொருளை ஒரு நாள் வையுங்கள். பஞ்சு பொருளில் படக் கூடாது. புதிய பச்சைப் புள்ளி முளைத்தால் உலோகத்துக்குள் உப்பு நின்று அரிக்கிறது. புளியோடு உப்பு சேர்த்துத் தேய்த்துச் சரியாக அலசாத வீடுகளிலும், கடற்கரை ஊர்களிலும் இது வரும். தனியாகப் பிரித்து, உலர்ந்த இடத்தில் சிலிக்கா ஜெல் பையோடு வைத்து, நிபுணரிடம் காட்டுங்கள்.

*விளக்கு ஆடுகிறது, எண்ணெய் கசிகிறது:* தண்டையும் அகலையும் கழற்றி மரையில் உள்ள பிசுக்கைப் பல் பிரஷால் எடுங்கள். மரை தேய்ந்திருந்தால் மெழுகு தடவிய பருத்தி நூலை நாலைந்து சுற்றுச் சுற்றி முறுக்குங்கள். இன்னும் கசிந்தால் அகலில் தண்ணீர் ஊற்றிச் செய்தித்தாளில் வைத்துப் பாருங்கள். நடுவில் ஈரம் தெரிந்தால் வார்ப்பில் ஊசித்துளை இருக்கிறது. அதைப் பட்டறையில் பற்றவைக்கத்தான் வேண்டும். எப்பாக்சி வேண்டாம், சுடர் சூட்டில் இளகும், நாறும்.

அறிகுறி 6: பாயிலும் ஓலையிலும் பூசணம், நொறுங்கல், நெளிவு

*கோரைப் பாயில் சாம்பல் பூசணம்:* வெளியே கொண்டுபோய் உலர்ந்த பிரஷால் கோரை ஓடும் திசையிலேயே தட்டுங்கள். காலை ஒன்பது மணிக்குள் பக்கத்துக்கு அரை மணி நேரம் வெயில் போதும். உச்சி வெயிலில் போட்டால் சாயம் வெளுத்து கோரை முறுகும். சுவரில் மாட்டும் பத்தமடைப் பாய்க்குப் பின்னால் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டி இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டவே வேண்டாம்.

*மடிப்பில் கோரை ஒடிந்துவிட்டது:* ஒடிந்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. பின்பக்கம் பருத்தித் துணிப் பட்டையை நூலால் தைத்து, பரவாமல் தடுக்கலாம். இனி மடிக்காமல், துணி சுற்றிய பிவிசி குழாயில் சுருட்டி வையுங்கள்.

*ஓலைக் கொட்டான் நசுங்கி, தொட்டால் நொறுங்குகிறது:* எண்ணெய் தடவாதீர்கள். தூசியைப் பிடித்துக் கறுக்கும். பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்துணி ஒரு மூலையில், கொட்டான் மறு மூலையில், இரண்டும் தொடாமல் ஓர் இரவு மூடி வையுங்கள். காலையில் ஓலை இளகியிருக்கும். உள்ளே பழைய துணியைத் திணித்து உருவத்தைத் திருப்பி, அப்படியே நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். ஓர் இரவுக்கு மேல் மூடி வைத்தால் பூசணம் பிடிக்கும்.

*தோல்பாவை சுருண்டுவிட்டது:* இஸ்திரிப் பெட்டியைத் தொடாதீர்கள். சூடு பட்ட தோல் சுருங்கினால் சுருங்கியதுதான். கொட்டானுக்குச் சொன்னது போலவே சில மணி நேரம் ஈரக் காற்றில் வைத்து, இரண்டு உறிஞ்சுதாள்களுக்கு நடுவில், பலகையும் புத்தகமும் ஏற்றி ஒரு வாரம் விடுங்கள். ஈரத்தில் சாயம் ஒட்டும் தன்மை இருக்கிறதா என்று ஓரத்தில் ஈரப் பஞ்சால் ஒற்றிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

அறிகுறி 7: பொம்மையில் வண்ணம் உரிகிறது

பொம்மையைத் தலைகீழாகக் கவிழ்த்து, வண்ணம் இல்லாத அடிப்பகுதியைப் பாருங்கள். லேசாக இருந்து நார் தெரிந்தால் காகிதக்கூழ். கனமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தால் மண். சுரண்டினால் சாக்கட்டிப் பொடி போல உதிர்ந்தால் பிளாஸ்டர். அடுத்து, பின்புறம் ஈரப் பஞ்சுக் குச்சியை ஒரே ஒரு தடவை உருட்டுங்கள். பஞ்சில் நிறம் வந்தால் அது தண்ணீர் வண்ணம். அந்தப் பொம்மைக்கு ஆயுள் முழுக்க உலர்ந்த பிரஷ் மட்டும்தான்.

*செதிலாக எழும்பி நிற்கிறது:* பொம்மை ஈரமாக இருந்தால் இரண்டு வாரம் நிழலில் காயட்டும். வெள்ளை மரப்பசை ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து, மிக மெல்லிய பிரஷ் நுனியால் செதிலின் அடியில் ஒரு சொட்டு விட்டு, பாலித்தீன் தாளை வைத்து மெதுவாக அழுத்துங்கள். தண்ணீர் வண்ணம் என்றால் அந்தச் சொட்டு செதிலின் மேல் வழியக் கூடாது.

*சுற்றி வைத்த செய்தித்தாள் ஒட்டிக்கொண்டது:* இழுக்காதீர்கள். ஒட்டாத பகுதியைக் கத்தரித்து எடுத்து, மிச்சத்தை ஐஸ்கிரீம் குச்சியின் மழுங்கிய முனையால் அணு அணுவாகத் தள்ளுங்கள். மூக்கு, கண் பகுதியில் ஒட்டியிருந்தால் பொம்மைக் கலைஞரிடம் கொடுங்கள். அடுத்த கொலு முடிந்து எடுத்து வைக்கும்போது வெளுத்த பருத்தித் துணியில் சுற்றுங்கள்.

*தலையாட்டி பொம்மை ஆடவில்லை:* ஒவ்வொரு பகுதியாக மேலே தூக்கி எடுங்கள். பெரும்பாலும் கம்பி தொடும் இடத்தில் வண்ணமோ தூசியோ திரண்டிருக்கும். பல்குத்தும் குச்சியால் எடுத்தால் ஆடத் தொடங்கும். கம்பி துருப்பிடித்திருந்தால் நுனியை உப்புத்தாளால் தேயுங்கள், வளைக்காதீர்கள். சாய்த்தால் எழும்பும் ராஜா ராணி பொம்மை எழும்பவில்லை என்றால் காதருகே வைத்துக் குலுக்குங்கள். கடகடவென்று சத்தம் வந்தால் உள்ளே அடியில் வைத்த எடை கழன்றிருக்கிறது. அதைத் திறந்து ஒட்டுவது தஞ்சாவூரில் அதைச் செய்பவர் வேலை.

அறிகுறி 8: தஞ்சாவூர் ஓவியத்தில் கல் விழுகிறது, புள்ளி விழுகிறது, உப்புகிறது

*கல் விழுந்தது:* சட்டத்துக்குள்ளேயே கிடக்கும், தேடி எடுங்கள். குழியை உலர்ந்த பிரஷால் துடைத்து, பல்குத்தும் குச்சி நுனியில் வெள்ளை மரப்பசை ஒரு புள்ளி வைத்துப் பதியுங்கள். சூப்பர் பசையின் ஆவி பக்கத்தில் வெள்ளைப் படலமாகப் படியும். நாலைந்து கல் சேர்ந்து விழுந்தால் அடியில் பசை குழைத்து மேடாக எழுப்பிய மக்கு வேலையே தளர்ந்திருக்கிறது. நீங்கள் ஒட்டினாலும் நிற்காது.

*கண்ணாடிக்குள் பழுப்புப் புள்ளி, மூட்டம்:* சுவர் ஈரம். ஓவியத்தை இறக்கி, பின்பலகையைத் திறந்து, முகம் மேலே பார்க்க, மின்விசிறி நேராகப் படாத அறையில் ஒரு வாரம் வையுங்கள். ஓவியத்தைத் துடைக்கவே கூடாது. திரும்ப மாட்டும்போது சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் கார்க் வையுங்கள். கண்ணாடி ஓவியத்தைத் தொடாமல் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

*பொன் ரேக் (ஒட்டிய மெல்லிய தகடு) கறுக்கிறது:* 22 காரட் தங்க ரேக் இப்படிக் கறுக்காது. விளக்குப் புகை படியாமலும் கறுத்தால், ஒட்டியது தங்கம் அல்ல.

*துணி பலகையை விட்டு உப்பியிருக்கிறது, அல்லது தட்டினால் மக்கு உதிர்கிறது:* ஊசியால் பசை ஏற்றும் எண்ணம் வேண்டாம். உப்பலுக்குள் காற்று அடைத்து மேலே இருக்கும் வண்ணம் பிளக்கும். ஓவியத்தைச் செங்குத்தாகப் பிடித்துத் தூக்காமல், தட்டு ஏந்துவது போலப் படுக்கவைத்தே வண்டியில் ஏற்றி ஓவியரிடமோ பாதுகாப்பு நிபுணரிடமோ கொண்டுபோங்கள். உதிர்ந்த துணுக்குகளையும் ஒரு டப்பாவில் போட்டுக் கூடவே கொடுங்கள். அவை அதே இடத்தில் திரும்ப அமரும்.